திருகோணமலை வீடுகளுக்கு ஃபைபர் இணையம்: விண்ணப்பிப்பதற்கு முன் வீட்டு வயரிங்கை ஆயத்தப்படுத்தும் முழுமையான வழிகாட்டி

பழைய செப்புக் கம்பி இணைப்பிலிருந்தோ 4ஜி ரவுட்டரிலிருந்தோ ஃபைபருக்கு (கண்ணாடி இழைக் கேபிள் வழியே வரும் இணையத்துக்கு) மாற விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பெக்கேஜைத் தெரிவு செய்கிறார்கள், அடுத்து விண்ணப்பிக்கிறார்கள், இணைப்புக் கொடுக்கும் ஆட்கள் ஏணியோடு வாசலில் வந்து நிற்கும்போதுதான் ரவுட்டரை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். வந்தவர்களுக்கு அன்றைக்கே இன்னும் சில வீடுகள் இருக்கும். ஆகவே வீதிக் கம்பத்துக்குக் கிட்டிய யன்னல் எதுவோ அதன் வழியாகக் கேபிளை உள்ளே எடுத்து, அந்தச் சுவரிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் படிக்கும் அறை வீட்டின் மறுகோடியில் இருக்கும். அங்கே பழைய இணைப்பில் கிடைத்த வேகம்தான் இப்போதும் கிடைக்கும். கட்டணம் மட்டும் கூடியிருக்கும்.

இந்த ஒழுங்கை மாற்றிச் செய்ய வேண்டும் என்பதே இவ்வழிகாட்டியின் நோக்கம். முதலில் வீட்டைத் தயார் செய்யுங்கள், விண்ணப்பத்தை அதன் பிறகு கொடுங்கள். பெக்கேஜை அடுத்த மாதமே மாற்றிக்கொள்ளலாம்; சுவருக்குள் போன கேபிளை அவ்வளவு இலகுவில் மாற்ற முடியாது.

குறை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஒரு மடிக்கணினியை இப்போதுள்ள ரவுட்டரில் கேபிளால் நேரடியாக இணைத்து, காலையில் ஒரு தடவையும் இரவு எட்டு, ஒன்பது மணியளவில் ஒரு தடவையும் வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே நேரங்களில் ஒவ்வொரு அறையிலும் வைஃபையில் அளவுங்கள். கேபிளில் நல்ல வேகம் கிடைத்து, அறையில் மட்டும் குறைந்தால், பழுது வெளி இணைப்பில் இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது. அப்படியானால் கீழே உள்வயரிங் பற்றிச் சொல்வதை மட்டும் செய்தால் போதும். புதிய இணைப்புக்குப் பணம் கட்டத் தேவையில்லை. கேபிளிலேயே வேகம் குறைவாக இருந்தால் இணைப்பை மாற்றுவது நியாயமானது. செப்புக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பின் வேகம், தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைப் பொறுத்தது. ஏடிஎஸ்எல் 2 பிளஸ் முறையின் உச்ச வேகம் விநாடிக்கு 24 மெகாபிட் என்றாலும், சில கிலோமீற்றர் கம்பியைக் கடந்து வரும்போது அதில் சிறு பகுதியே மிஞ்சும். உப்புக் காற்றில் களிம்பேறிய மூட்டுகள் அதையும் குறைக்கும்.

வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது, கோப்பின் அளவு மெகாபைட்டில் சொல்லப்படுகிறது. எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

எந்த இணைப்பு, எவ்வளவு வேகம்

ஃபைபர் உங்கள் ஊருக்கு வந்திருக்கிறதா என்பதைவிட உங்கள் ஒழுங்கைக்கு வந்திருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி. நகரின் பிரதான வீதியில் இருப்பது இரண்டு ஒழுங்கைகள் தள்ளி இல்லாமல் இருக்கலாம். கம்பத்தில் சிறிய கறுப்புப் பெட்டி ஒன்றும் அதிலிருந்து மெல்லிய கறுப்புக் கேபிள்கள் அயல் வீடுகளுக்குப் போவதும் தெரிந்தால் நல்ல அறிகுறி; அப்பெட்டியில் வெற்றிடம் உண்டா என்பதை நிறுவனமே சொல்ல வேண்டும். அயலவர்களிடம் இரவு நேர வேகத்தைக் கேட்டறிவது விளம்பரத்தைப் படிப்பதைவிடப் பயனுள்ளது. ஃபைபர் வராத கிராமப் பகுதிகளில் கூரைக்கு மேல் வெளி அன்டெனா பொருத்திய 4ஜி இணைப்பு இன்னும் நல்ல தெரிவுதான். 2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங்க் செய்மதி இணைப்பும் இலங்கையில் கிடைக்கிறது; ஆனால் செலவு கூடியது என்பதால், ஃபைபரும் நல்ல 4ஜி அலையும் எட்டாத இடங்களுக்கே அதைப் பரிந்துரைப்பேன்.

வேகத்தைப் பொறுத்தவரை மிகையாக வாங்க வேண்டாம். உயர்தரக் காணொளிக் கூட்டம் ஒன்றுக்கு நான்கு மெகாபிட் அளவு போதும். 4கே படத்துக்கு 15 முதல் 25 மெகாபிட் வேண்டும். நான்கு, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 100 மெகாபிட் தாராளம். வேகத்தைவிட இரண்டு விடயங்களைக் கவனமாகக் கேளுங்கள். ஒன்று பதிவேற்ற வேகம்: வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கும் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு காணொளியில் கதைப்பவருக்கும் அதுதான் தேவை. மற்றது மாதாந்த டேட்டா வரம்பு. 4கே படம் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 7 கிகாபைட் வரை எடுக்கும். தொலைக்காட்சியைத் தானியங்கித் தரத்தில் விட்டிருக்கும் வீட்டில், வேகமான இணைப்பு வந்ததும் தரம் தானாகவே உயர்ந்து, முன்னர் மாத முடிவு வரை நின்ற டேட்டா பாதி மாதத்தில் தீர்ந்துபோகும்.

வேலைக்கு ஏற்ற காலம்

திருகோணமலையில் கம்பம், கூரை, மதில் சார்ந்த வேலைகளைக் கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்களில் முடித்துவிடுங்கள். ஒக்டோபரில் இடிமழையும் அதைத் தொடர்ந்து வாடையும் தொடங்கினால் ஏணி வைத்து வேலை செய்வது ஆபத்து. ஈரச் சுவரில் துளையிட்டு அடைக்கும் பூச்சும் நிற்காது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அப்படியான காலங்களில் பழுது பார்க்கும் குழுக்களுக்கு அவசர வேலைகளே நிறைந்திருக்கும். புதிய இணைப்பு பின்தள்ளப்படுவது இயல்பு.

ரவுட்டருக்கு இடம் குறித்தல்

வீட்டின் படத்தை ஒரு தாளில் வரையுங்கள். சுவர்கள், கதவுகள், மின்பலகை, வீதிக் கம்பம், மதில் எல்லாம் அதில் இருக்கட்டும். ஃபைபர் ரவுட்டருக்கு ஏற்ற இடம் வீட்டின் நடுப்பகுதி. பெரும்பாலான வீடுகளில் அது ஹோலுக்கும் அறைகளுக்கும் இடைப்பட்ட சுவராக இருக்கும். நிலத்திலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில், காற்றோட்டமாக, குசினி ஆவியும் மழைச் சாரலும் படாமல் இருக்க வேண்டும். இரும்பு அலுமாரி, பெரிய கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் பின்னால் வைக்கக் கூடாது. உலோகம் அலையைத் தடுக்கும்.

வீட்டின் கட்டுமானமும் இதைத் தீர்மானிக்கும். நகரின் பழைய வீடுகளில் சுவர்கள் தடிப்பானவை. ஒரு சுவரைத் தாண்டியதுமே வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலை மெலிந்துவிடும். மாடி வீடுகளில் கம்பி கட்டிய கொங்கிறீட் தட்டு மேல்மாடிக்குப் போகும் அலையைப் பெரிதும் விழுங்கும். இப்படியான வீடுகளில் எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டர் வாங்கினாலும் ஒன்றே வீடு முழுவதுக்கும் போதாது. இரண்டாவது அலைப்புள்ளி (வைஃபை அலையைப் பரப்பும் துணைக் கருவி) எங்கே வரும் என்பதையும் இப்போதே படத்தில் குறித்துவிடுங்கள்.

கம்பத்திலிருந்து வீட்டுக்குள்: ஃபைபரின் பாதை

கேபிளுக்குள் இருப்பது தலைமயிர் தடிப்புள்ள கண்ணாடி இழை. இழுத்தால் ஓரளவு தாங்கும், மடித்தால் தாங்காது. சாதாரண இழையை 30 மில்லிமீற்றர் ஆரத்துக்கும் குறைவாக வளைக்கக் கூடாது. வீட்டு இணைப்புகளுக்கென வரும் வளைவு தாங்கும் இழைகள் 10 மில்லிமீற்றர் வரை தாங்கும். எந்த வகை வரும் என்று முன்கூட்டியே தெரியாததால், குழாயின் திருப்பங்களில் கூர்மையான எல்போ வேண்டாம். நீண்ட வளைவுள்ள பெண்ட் மட்டும் போடுங்கள்.

கேபிள் வீட்டைத் தொடும் இடத்திலிருந்து ரவுட்டர் வரை 25 மில்லிமீற்றர் பிவிசி குழாய் ஒன்றைத் தனியாகப் போட்டு, உள்ளே நைலோன் கயிறு ஒன்றை விட்டுவையுங்கள். இரண்டு திருப்பங்களுக்கு மேல் இருந்தால் இடையில் திறக்கக்கூடிய பெட்டி ஒன்று வேண்டும். மதிலடியால் நிலத்தின் கீழ் கொண்டுபோவதானால் ஒன்றரை அடி ஆழத்தில், தடித்த குழாயில் கொண்டுபோங்கள். நேர் வெயில் படும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் குழாய் சில வருடங்களில் நொறுங்கத் தொடங்கும்.

சுவரில் போடும் துளையைக் கவனமாகப் போடுங்கள். டிரிலை உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சரித்துப் பிடித்தால், துளையின் வெளிவாய் தாழ்ந்திருக்கும். மழைநீர் உள்ளே ஏறாது. கேபிள் துளைக்குள் போகுமுன் அதன் கீழே ஒரு சாண் தொங்கி, மேலேறி நுழைய வேண்டும். கேபிள் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டி விழும். மார்கழி மழையில் சுவரின் உட்பூச்சு ஊதிப் பெயர்ந்த வீடுகள் பலவற்றில், சரிவில்லாமல் போட்ட துளை ஒன்றே காரணமாக இருக்கும்.

கடற்கரைக்குக் கிட்டிய திருக்கடலூர், உப்புவெளி போன்ற இடங்களில் சாதாரண ஆணியும் கிளிப்பும் விரைவில் துருப்பிடித்து உதிரும். துருப்பிடிக்காத உருக்கு அல்லது பிளாஸ்ரிக் கிளிப்புகளைப் பயன்படுத்துங்கள். குரங்கு வந்துபோகும் கூரைகளில் கேபிள் தாழத் தொங்கினால் அது ஊஞ்சலாகிவிடும். கூரை விளிம்பில் தொங்கவிடாமல் சுவரில் கட்டி இறக்குங்கள். சீலிங்குக்கு மேல் அணிலும் எலியும் உலாவும் வீடுகளில் கேபிளை வெறுமனே போடாமல் குழாய்க்குள்ளேயே கொண்டுபோக வேண்டும்.

வீட்டுக்குள் செப்புக் கேபிள்: அதிகக் கவனம் வேண்டிய பகுதி

அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் கேபிள் கொடுங்கள். வைஃபையைக் கையில் எடுத்துத் திரியும் சாதனங்களுக்கு விட்டுவிடுங்கள். தொலைக்காட்சி, படிப்பு மேசை, மேல்மாடி அலைப்புள்ளி, சிசிடிவி பெட்டி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் இருக்கும் இடத்திலிருந்து தனித்தனியாகக் கேபிள் வர வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தொடுத்துக்கொண்டு போகக் கூடாது. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு கேபிள்களை இழுத்துவிடுவது நல்லது. செலவில் பெரும்பங்கு கூலிக்குத்தான் போகிறது. இரண்டாவது கேபிளுக்கு அதிகம் ஆகாது, ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும்.

வீட்டுக்குள் போடும் செப்பு இணையக் கேபிளில் கேட் 5இ (Cat 5e) என்ற வகை 100 மீற்றர் வரை விநாடிக்கு 1 கிகாபிட் தாங்கும். கேட் 6 அதே தூரத்துக்கு 1 கிகாபிட்டும், 55 மீற்றர் வரை 10 கிகாபிட்டும் தாங்கும். ஏற்கெனவே கேட் 5இ போட்ட வீட்டில் அதைப் பிடுங்க வேண்டாம்; புதிதாகப் போடுகிறவர்கள் கேட் 6 போடட்டும். பழைய தொலைபேசிக் கம்பி இந்த வேலைக்கு உதவாது. ஆனால் அது சுவருக்குள் குழாயில் போயிருந்தால், அதன் நுனியில் நைலோன் கயிற்றைக் கட்டி இழுத்து அதே குழாயைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஹாட்வெயார் கடையில் மலிவான கேபிளைப் பார்த்து மயங்க வேண்டாம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள்கள் கேட் 6 என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. ஓர் இழையின் நுனியை எடுத்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளேயும் செந்நிறமாக இருந்தால் செம்பு, வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அலுமினியக் கேபிளின் தடை அதிகம், கேபிள் வழியே மின்சாரம் பெறும் கமராக்கள் அதில் தடுமாறும், கேபிளும் சூடாகும். கடற்காற்று உள்ள ஊரில் அதன் முனைகள் விரைவில் அரித்தும் போகும். சுவருக்குள் போவது முழுச் செம்பாக, ஒற்றை இழைக் கம்பியாக இருக்கட்டும். மேசையில் வளைந்து நெளியும் சிறு கேபிளுக்குத்தான் பல இழைக் கம்பி.

இழுக்கும்போது கேபிள்களின் நுனிகளை ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டாமல், ஒன்றுக்கொன்று இரண்டு அங்குலம் முன்பின்னாக வைத்து இன்சுலேஷன் டேப்பால் இறுகச் சுற்றுங்கள். முனை கூம்பி, திருப்பங்களில் சிக்காது. ஒருவர் இழுக்க மற்றவர் மறுமுனையில் முறுக்கில்லாமல் ஊட்ட வேண்டும். சிக்கினால் பலமாக இழுக்காமல் பின்னுக்கு எடுத்து மறுபடியும் இழுங்கள். இரு முனைகளிலும் ஒரு முழக் கேபிளை மிச்சம் விடுங்கள். ஒவ்வொரு முனையிலும் எண் எழுதி ஒட்டுவதை இழுத்த கையோடு செய்யுங்கள்.

230 வோல்ட் மின்கம்பியும் இணையக் கேபிளும் ஒரே குழாயிலோ ஒரே பெட்டியிலோ போகவே கூடாது. இது வேகத்தை விட உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த விதி. சுவரில் சமாந்தரமாகப் போகும்போது ஒரு சாண் இடைவெளி விடுங்கள்; கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும்.

முனைகளைப் பூட்டும்போது நிற ஒழுங்கு இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் பி ஒழுங்கு (T568B) இது: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். சோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். அந்த முறுக்குத்தான் இரைச்சலைத் தடுக்கிறது. எட்டு விளக்குகள் உள்ள சிறிய சோதனைக் கருவியால் ஒவ்வொரு கேபிளையும் சோதித்த பிறகுதான் சுவரைப் பூச வேண்டும்.

பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்துச் சுவரை வெட்டிக் குழாய் புதைப்பதை நான் ஆதரிக்கவில்லை. சாந்து பெரும் பாளங்களாகக் கழன்று வரும். கதவு நிலையை ஒட்டியும் சீலிங் ஓரமாகவும் பிவிசி கேசிங் போட்டு, சுவர் நிறத்தையே பூசிவிடுங்கள். வாடகை வீட்டுக்கும் இதுவே பொருத்தம். புதிதாக வீடு கட்டுகிறவர்களோ, பூச்சு வேலைக்கு முன் ஒவ்வோர் அறைக்கும் வெற்றுக் குழாயும் கயிறும் போட்டுவைத்தால் போதும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களில் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தனித்தனிக் கட்டடங்களுக்கிடையே செப்புக் கேபிளை வெளியால் இழுத்தால், கிட்ட விழும் மின்னலின் தாக்கம் அதன் வழியே இரு பக்கக் கருவிகளையும் எரிக்கலாம். அங்கே ஃபைபர் கேபிளும் இரு முனைகளிலும் ஒளியை மின்குறிப்பாக மாற்றும் சிறிய பெட்டிகளும் வைப்பதே பாதுகாப்பானது.

மின்சாரமும் இடி மின்னலும்

ரவுட்டர் இடத்தில் இரண்டு 13 அம்பியர் பிளக் துவாரங்கள் வேண்டும். இந்த வேலையையும் மின்பலகையோடு தொடர்புள்ள எதையும் தகுதியுள்ள மின்வேலையாளரிடமே கொடுங்கள். அவர் வரும்போதே நில இணைப்பையும் (எர்த்) ட்ரிப் சுவிட்சையும் சோதிக்கச் சொல்லுங்கள். மணற்பாங்கான நிலத்தில் புதைத்த நிலக்கோல் வறண்ட மாதங்களில் சரியாக வேலை செய்யாமல் போகலாம். நில இணைப்பு சரியில்லாத வீட்டில் மின்னழுத்தம் திடீரென எகிறும்போது கருவிகளைக் காக்கும் மின்னெழுச்சித் தடுப்பான் முழுமையாகப் பயன்தராது.

கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் வெளிக் கேபிளைத் தாங்கும் உருக்குக் கம்பி கடத்தும். அந்தக் கம்பி வெளிச்சுவரிலேயே நிறுத்தப்பட்டு, இழை மட்டும் உள்ளே வர வேண்டும். இதை நின்று கவனியுங்கள். இடி முழங்கத் தொடங்குமுன்பே ரவுட்டரின் பிளக்கைக் கழற்றி வைப்பது இன்னும் சிறந்த பாதுகாப்பு.

செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே வந்ததால் வீட்டில் கறண்ட் போனாலும் அது வேலை செய்தது. ஃபைபரில் தொலைபேசியை ரவுட்டரில்தான் செருக வேண்டும். ரவுட்டர் நின்றால் தொலைபேசியும் நிற்கும். வயோதிபப் பெற்றோர் தனியே இருக்கும் வீடுகளில் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டையும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றதையும் கண்டவர்கள் நாம். 12 வோல்ட் சிறு யூபிஎஸ் ஒன்று ரவுட்டரைச் சில மணித்தியாலம் ஓட்டும். வாங்குமுன் ரவுட்டர் அடப்டரில் அச்சிட்ட வோல்ட், அம்பியர் அளவுகளையும் பிளக்கின் நேர், எதிர் முனைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஃபைபரின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வீதிப் பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால், பரிவர்த்தனை நிலையத்தில் மின்சாரம் இருக்கும் வரை இணைப்பு நிற்காது.

இணைப்புக் கொடுக்கும் நாளில்

வரைபடத்தைக் காட்டி, குழாயையும் கயிற்றையும் காட்டி, ரவுட்டர் இடத்தைச் சொல்லுங்கள். வழி தயாராக இருந்தால் வந்தவர்களுக்கும் வேலை இலகு, மறுப்பவர்கள் குறைவு. பச்சை நிற முனை பச்சை முனையோடுதான் சேர வேண்டும், நீலத்தோடு அல்ல. முனையை விரலால் தொடவோ கண்ணருகே பிடித்துப் பார்க்கவோ கூடாது. உள்ளே வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

ரவுட்டரில் PON என்று எழுதிய விளக்கு அசையாத பச்சையாகவும், LOS என்று எழுதிய சிவப்பு விளக்கு அணைந்தும் இருந்தால் ஒளி வருகிறது. அத்தோடு விடாமல், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பெறும் ஒளியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது மறை 8 முதல் மறை 27 டிபிஎம் (ஒளியின் பலத்தைக் காட்டும் அலகு) வரை இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் இருந்தாலும் மறை 25க்கும் கீழே போயிருந்தால் எங்கோ வளைவோ அழுக்கோ இருக்கலாம், அப்போதே திருத்தச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் திகதியோடு எழுதி வையுங்கள். முதல் பெருமழைக்குப் பின் மறுபடி பார்க்கும்போது எண் பல புள்ளிகள் இறங்கியிருந்தால், பழுது வெளிக் கேபிளில் என்று உறுதியாகச் சொல்லி முறையிடலாம்.

வேகத்தைக் கேபிளில் அளவுங்கள். கூடிய வேகப் பெக்கேஜ் எடுத்தும் அளவு 94 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்றால், கேபிளின் எட்டு இழைகளில் ஒன்று தொடவில்லை என்றோ கணினியின் துவாரம் பழையது என்றோ பொருள். 100 மெகாபிட்டுக்கு நான்கு இழைகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

வைஃபையில் செய்ய வேண்டியவை சில. கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய அலைவரிசைகளில் அயலவர் குறைவாகப் பயன்படுத்துவதை எடுங்கள். இரண்டாவது ரவுட்டரை அலைப்புள்ளி முறையில், கேபிளால் இணைத்து, அதே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து வையுங்கள். கேபிள் இல்லாத மலிவு ரிப்பீட்டர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பாதியாக்கும்.

பழைய இணைப்பை அன்றைக்கே நிறுத்த வேண்டாம். இரண்டு வாரமாவது இரண்டும் இருக்கட்டும். வங்கி, பாடசாலை, வைத்தியசாலையில் பதிந்த பழைய தொலைபேசி எண்ணைப் புதிய இணைப்புக்கு மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். பிறகு எழுத்தில் அறிவித்து, பழைய ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் கொடுத்து, இறுதிக் கட்டணம் தீர்ந்ததற்கான பற்றுச்சீட்டை வாங்கி, வயரிங் வரைபடத்தோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.